அவசரம் வரும் நாளில் வீட்டில் இருக்கப் போவது யார்?

(வடகிழக்குப் பருவமழை முன்னேற்பாடு குறித்து நம் தகவல் தொழில்நுட்ப அணி சார்பில் தருமபுரியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படிங்க. வெளியூரில் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பசங்களுக்குக் கண்டிப்பா அனுப்புங்க.)



எனக்குக் கொடுத்த தலைப்பு, "பேரிடருக்கு நம் வீடு தயாரா?" நான் படிச்சது இன்ஜினியரிங். அதனால ஒரு கணக்கோட ஆரம்பிக்கிறேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அரூருக்கும் புதுச்சேரிக்கும் நேர்கோட்டில் சுமார் 150 கிலோமீட்டர். புயல் கடற்கரையோட சமாச்சாரம், நமக்கென்னன்னு பலரும் படுத்துத் தூங்கினோம். ஆனா அது வலு குறைஞ்சு, மெதுவா மேற்கே நகர்ந்து, நம்ம தலைக்கு மேல வந்து கொட்டுச்சு. டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்தில் அரூரில் மட்டும் 33 செ.மீ. மழை. பக்கத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. நம்ம மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையே சுமார் 85 செ.மீ. தான். அதில் மூணில் ஒரு பங்குக்கு மேல ஒரே நாளில் அரூரில் இறங்கிருச்சு.

33 செ.மீ.ன்னா எவ்வளவு? ஆயிரம் சதுர அடி மாடி வீடு ஒண்ணு எடுத்துக்குங்க. அந்த ஒரு மாடியில் மட்டும் அன்னைக்கு விழுந்த தண்ணி முப்பதாயிரம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணி லாரியில் இரண்டரை லாரி. ஒரு வீட்டுக்கு இவ்வளவுன்னா, ஒரு தெருவுக்கு? ஒரு மலைச் சரிவுக்கு? ஒரு ஏரிக்கு?

தென்பெண்ணை நம்ம கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி, இருமத்தூர், அனுமன்தீர்த்தம் பக்கமா ஓடி, சாத்தனூர் அணைக்குப் போகுது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூரில் இருந்து திறந்த தண்ணி விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி. லிட்டரில் சொன்னா ஒரு நொடிக்கு 47 லட்சம் லிட்டர். அது விழுப்புரம், கடலூர் பக்கம் என்ன பண்ணுச்சுன்னு எல்லாரும் டிவியில் பார்த்தோம். அதே மழையில் டிசம்பர் 1 அன்னைக்குத் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் பாறையும் மண்ணும் வீட்டு மேல விழுந்து 7 பேர் போய்ச் சேர்ந்தாங்க. ஊத்தங்கரையில் நிறுத்தி வச்ச வண்டிகளைத் தண்ணி இழுத்துட்டுப் போன வீடியோ இப்பவும் பல பேர் போனில் இருக்கும்.

சொந்தங்களே, நமக்கு "வறட்சி மாவட்டம்"னு பேர். தண்ணி வரலையேன்னு காலிக்குடத்தோட ரோட்டில் உட்கார்ந்து பழகின ஊர் இது. அதனால தண்ணி வந்துட்டா என்ன பண்றதுன்னு நம்ம வீடுகளில் யாரும் யோசிச்சதே இல்லை. கடலூர் மீனவர் வீட்டில் சின்னப் பையனுக்குக்கூட எந்தக் கூண்டு ஏறினா என்ன அர்த்தம்னு தெரியும். நம்ம வீட்டில் ஆரஞ்சு அலர்ட்டுக்கும் ரெட் அலர்ட்டுக்கும் வித்தியாசம் கேட்டா முழிப்போம்.

ஆனா நான் இன்னைக்குப் பேச வந்த முக்கியமான விஷயம் இதுவும் இல்லை. அடுத்து வருது.

அந்த டிசம்பர் ராத்திரி உங்க வீட்டில் யார் இருந்தாங்க?

இந்தக் கூட்டத்தை நேரலையில் பார்க்கிற பாதிப் பேர் இப்போ ஊரில் இல்லை. ஓசூர் கம்பெனியில் ஷிஃப்ட், பெங்களூரில் கட்டட வேலை, ஐ.டி. வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி. ஊரில் வீட்டைப் பார்த்துக்கிறது தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைங்க, ரெண்டு மாடு, நாலு ஆடு. எச்சரிக்கை மெசேஜ் படிக்கத் தெரிஞ்சவன், ஆப் வச்சிருக்கிறவன், வண்டி ஓட்டத் தெரிஞ்சவன் எல்லாம் வெளியூரில். மழை கொட்டுறது உள்ளூரில்.

சாத்தனூர் விஷயத்தில் அரசு, அத்தனை தடவை எச்சரிக்கை விட்டோம்னு சொன்னாங்க. முன்கூட்டியே படிப்படியா திறந்திருக்கணும்னு எதிர்த்தரப்பு கேட்டாங்க. அந்த விவாதம் நடக்கணும், நாமளும் கேள்வி கேட்கணும். அது கட்சியோட வேலை. ஆனா நம்ம வீட்டுக்கு வேற ஒரு கேள்வி இருக்கு. அந்த எச்சரிக்கை யார் போனுக்கு வந்தது? வந்த போனைக் கையில் வச்சிருந்தவங்களுக்கு அதைப் படிக்கத் தெரியுமா? படிச்சிருந்தா, எங்கே போகணும்னு தெரியுமா?

இன்னொண்ணு கேளுங்க. பாட்டி பெங்களூரில் இருக்கிற பேரனுக்கு போன் பண்ணி, "தாத்தாவுக்கு நெஞ்சு அடைக்குதுடா"ன்னு சொல்றாங்க. பேரன் பதறிப்போய் 108 அடிக்கிறான். அந்தக் கால் எங்கே போகும்? கர்நாடக 108-க்கு. 112 அடிச்சாலும் அந்த மாநிலத்துக்குத்தான். 1077 அடிச்சா அந்த மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. அவங்களுக்கு பாப்பிரெட்டிப்பட்டி எங்கே இருக்குன்னு விளக்கிச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பொழுது போயிரும். ஆக, உங்க வீட்டு அவசரத்துக்கு போன் அடிக்கப் போறது நீங்க இல்லை. ஊரில் இருக்கிற யாரோ ஒருத்தர். அந்த ஒருத்தர் யாருன்னு இன்னைக்கே முடிவு பண்ணி வச்சிருக்கீங்களா?

இதுதான் நான் சொல்ல வந்தது. உங்க போனில் இருக்கிற திட்டம் திட்டமே இல்லை. அன்னைக்கு வீட்டில் இருக்கப் போறவங்களுக்குத் தெரிஞ்சாத்தான் அது திட்டம். ஐ.டி. விங் பையன் வந்து ஆப், லிங்க்குன்னு சொல்லுவான்னு நினைச்சிருப்பீங்க. நான் பேப்பரும் மார்க்கர் பேனாவும் கேட்கிறேன். கரண்ட் போய் டவர் பேட்டரி தீர்ந்துட்டா, என் ஆப்பும் வேலை செய்யாது, உங்க வாட்ஸ்ஆப்பும் வேலை செய்யாது. சுவத்தில் ஒட்டின பேப்பர் வேலை செய்யும்.

இனி ஒவ்வொண்ணா வர்றேன்.

📌 1. சுவத்துப் பேப்பர்

ஒரு பெரிய சார்ட். தாத்தா கண்ணாடி இல்லாம படிக்கிற அளவுக்கு எழுத்து. காலண்டர் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்க. அதில் எழுத வேண்டியது:

ஆம்புலன்ஸ் 108. போலீஸ், எல்லா அவசரமும் 112. தீயணைப்பு 101. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. கரண்ட் புகார், மின்னகம் 94987 94987. கேஸ் கசிவு 1906. மாடு, ஆடு அவசரம் 1962.

அதுக்குக் கீழே மூணு உள்ளூர் பேரு, நம்பரோட. ஒண்ணு, பக்கத்து வீட்டில் எப்பவும் இருக்கிறவங்க. ரெண்டு, ராத்திரி கூப்பிட்டா வண்டி எடுத்துட்டு வர்றவங்க. மூணு, கிராம நிர்வாக அலுவலர். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியா இருந்தா, அந்த மூணு பேரையும் பட்டன் போனில் 2, 3, 4-ன்னு ஸ்பீடு டயலில் போட்டுக் குடுங்க. குடுத்துட்டு ஒரு தடவை அவங்க கையாலேயே அடிக்கச் சொல்லிப் பாருங்க.

அதுக்கும் கீழே உங்க வீட்டு முகவரி. கதவு எண்ணை மட்டும் எழுதினா பத்தாது. "மாரியம்மன் கோயில் தாண்டி, தண்ணி டேங்குக்கு எதிர் சந்து, மூணாவது வீடு"ன்னு 108 டிரைவருக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க. பதட்டத்தில் பத்து வயசுப் பிள்ளை போன் எடுத்தாலும் அதைப் பார்த்துப் படிச்சிரும்.

வெளியூரில் இருக்கிறவங்க, மாவட்ட இணையதளத்தில் கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறையோட முழு நம்பரை எடுத்து இப்பவே போனில் சேமிச்சு வைங்க. அங்கிருந்து 1077 அடிச்சு நேரத்தை வீணாக்காதீங்க.

📌 2. மூணு குடம் தண்ணி

வெள்ளம் வந்தா முதலில் தீர்ந்து போறது நல்ல தண்ணி. நம்ம மாவட்டத்தில் இதில் கூடுதலா ஒரு சிக்கல் இருக்கு. நிலத்தடி நீரில் புளோரைடு. அதனாலதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தத் தண்ணி மேட்டில் ஏறி நம்ம தெருவுக்கு வர மோட்டார் ஓடணும், கரண்ட் இருக்கணும், குழாய் உடையாம இருக்கணும். பெருமழையில் இதில் ஒண்ணு போனாலும் தெருக்குழாயில் காத்துதான் வரும்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 3 லிட்டர், குறைஞ்சது 3 நாளைக்கு. ஜப்பானில் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த நாட்டு அரசு சொல்ற கணக்கு இதுதான். 1923-ல் பெரிய பூகம்பத்தைப் பார்த்த நாடு அது. அந்தப் பூகம்பம் வந்த செப்டம்பர் 1-ஐ இன்னைக்கும் பேரிடர் தடுப்பு நாளா வச்சுப் பயிற்சி எடுக்கிறாங்க. நம்ம வீட்டில் அஞ்சு பேருன்னா 45 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் மூணு குடம். அவ்வளவுதான். காலிக்குடத்தோட வருஷக்கணக்கா வரிசையில் நின்ன நம்ம அம்மாக்களுக்கு இது ஒரு பெரிய வேலையே இல்லை. மழை எச்சரிக்கை வந்த அன்னைக்கு மூணு குடம் பிடிச்சு, மூடி, உயரமான திண்ணையிலோ பரண் மேலேயோ வைக்கணும்.

வெள்ளத்தண்ணி புகுந்த கிணத்துத் தண்ணியை அப்படியே குடிக்கக் கூடாது. தண்ணியைக் கொதிக்க வச்சா கிருமி சாகும், புளோரைடு போகாது. ஆனா ரெண்டு மூணு நாள் நெருக்கடியில் உடனே ஆளைச் சாய்க்கிறது கிருமிதான். அதனால எந்தத் தண்ணியா இருந்தாலும் காய்ச்சித்தான் குடிக்கணும். வயித்துப்போக்கு வந்தா ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணியில் தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதையும் சுவத்துப் பேப்பரில் எழுதிருங்க.

📌 3. ஒரு பை

பழைய ஸ்கூல் பேக் ஒண்ணு போதும். பீரோவுக்குள்ளே பூட்டி வைக்காதீங்க. கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டுங்க. உள்ளே என்ன வைக்கணும்?

ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பேங்க் புக், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, பிள்ளைங்க மார்க் ஷீட். எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை மடிச்சு டேப் ஒட்டுங்க. ஒரிஜினலை உயரத்தில் தனிக் கவரில் வைங்க. இந்த இடத்தில் உங்க போன் உதவும். எல்லாத்தையும் போட்டோ எடுத்து, வெளியூரில் இருக்கிற மகனோ மகளோ வச்சுக்கணும். ஆதார், மார்க் ஷீட் மாதிரி டிஜிலாக்கரில் கிடைக்கிறதை அதில் ஏத்தி வைங்க. அதுக்குச் சட்டப்படி ஒரிஜினலுக்குச் சமமான மதிப்பு உண்டு.

மாத்திரை. இதை அழுத்திச் சொல்றேன். பிரஷர், சுகர் மாத்திரை ஒரு வாரத்துக்கு எப்பவும் கையிருப்பு இருக்கணும். மாத்திரைச் சீட்டோட போட்டோவும் உங்ககிட்ட இருக்கணும். இன்சுலின் போடுறவங்க, கரண்ட் போய் ஃபிரிட்ஜ் நின்னா பயப்பட வேண்டாம். கவரில் கட்டி, தண்ணி படாம, ஈரத்துணி சுத்தின மண்பானைக்குள்ளே நிழலில் வைக்கலாம்.

டார்ச், தீப்பெட்டி, பொரி, பிஸ்கட், பொட்டுக்கடலை, ஒரு போர்வை, பெண்களுக்கு நாப்கின், கைக்குழந்தை இருந்தா அதோட தேவை. பேட்டரி ரேடியோ ஒண்ணு வீட்டில் இருந்தா தூக்கிப் போடாதீங்க. டவர் செத்தாலும் ஆகாசவாணி தருமபுரி பண்பலை கேட்கும். ரூபாய் ரெண்டாயிரம், நூறு ரூபாய்த் தாளா வைங்க. கரண்ட் இல்லாத ஊரில் ஜிபேயும் இல்லை, ஏ.டி.எம்.மும் இல்லை.

📌 4. எப்போ கிளம்பணும்?

இதுதான் ரொம்பக் கஷ்டமான விஷயம். பெரியவங்க கிளம்ப மாட்டாங்க. "நான் பார்க்காத மழையா? இந்த வீட்டுக்குத் தண்ணி வந்ததே இல்லை"ம்பாங்க. அவங்க சொல்றது உண்மைதான். வந்ததே இல்லை. ஆனா 33 செ.மீ. மழையும் இதுக்கு முன்னாடி நாம பார்த்தது இல்லையே?

அதனால மழை வர்றதுக்கு முன்னாடியே, வெயில் அடிக்கும்போதே உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்க. எது நடந்தா கிளம்பணும், எங்கே போகணும், யாரு கூட்டிட்டுப் போவாங்க. வானிலை மையத்தோட கணக்கில் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல பெய்ய வாய்ப்புன்னா அதி கனமழை, ரெட் அலர்ட். ஆத்தோரம், ஓடையோரம், ஏரிக்கரைக்குக் கீழே, மலைச்சரிவில் வீடு இருக்கிறவங்களுக்கு ரெட் அலர்ட்தான் கிளம்புற மணி. அதுவும் பகலில் கிளம்பணும். திருவண்ணாமலையில் கொட்டினது அடைமழைக்கு நடுவில். 2024 ஜூலை 30 வயநாட்டில் மலை சரிஞ்சது விடியறதுக்கு முன்னாடி. இருட்டில் யாராலும் ஓட முடியாது.

சித்தேரி, வத்தல்மலை மாதிரி மலை கிராமத்தில் இருக்கிறவங்க கூடுதலா ஒண்ணு கவனிக்கணும். மரமோ போஸ்ட்டோ புதுசா சாயுது, தரையில் புது விரிசல், ஓடைத் தண்ணி திடீர்னு சேறாகுது இல்லை திடீர்னு குறையுது. இதில் எது தெரிஞ்சாலும் மாட்டை அவுத்துவிட்டுட்டு, ஓடைப்பக்கம் போகாம விலகிடணும். மழைக்காலத்தில் பிரசவத் தேதி இருக்கிற பொண்ணுங்களை வலி வர்ற வரைக்கும் மலை மேல வச்சிருக்காதீங்க. ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே கீழே சொந்தக்காரங்க வீட்டுக்கோ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வச்சோ இறக்கிக் கொண்டு வந்துருங்க. ஒரே ஒரு ரோடு இருக்கிற ஊரில் அந்த ரோட்டை நம்பி உயிரை வைக்க முடியாது.

தரைப்பாலம். தம்பிங்களா, இது உங்களுக்கு. தண்ணி ஓடுற தரைப்பாலத்தில் பைக்கை விடாதீங்க. வேகமா ஓடுற தண்ணி கணுக்கால் தாண்டி அரை அடி இருந்தாலே ஆளைத் தள்ளிரும். ஒரு அடித் தண்ணியில் கார் மிதக்க ஆரம்பிச்சிரும். ரீல்ஸுக்கு ஆசைப்பட்டு இறங்கி, அப்புறம் தீயணைப்பு வீரர்கள் கயிறு போட்டுத் தேடுற மாதிரி ஆயிடக் கூடாது.

📌 5. கரண்ட், கேஸ், மின்னல், பாம்பு

தண்ணி வாசல்படி ஏறப் போகுதுன்னா மெயின் சுவிட்சை இறக்கிருங்க. ஈரக் கையோட, தண்ணியில் நின்னுக்கிட்டு சுவிட்சைத் தொடக் கூடாது. தண்ணி வடிஞ்சதும் அவசரப்பட்டு ஆன் பண்ணாதீங்க, எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். கிணத்து மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் இதே சட்டம்தான். அறுந்து கிடக்கிற கம்பியைக் கட்டையால் தள்ளுற வீரம் வேண்டாம். ஆளை நிறுத்தி வழியை மறிச்சிட்டு மின்னகத்துக்கு போன் பண்ணுங்க. துணி காயப்போடுற கம்பியை ஈ.பி. போஸ்ட்டில் கட்டியிருந்தா, வீட்டுக்குப் போன உடனே அவுத்துருங்க.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது கேஸ் ரெகுலேட்டரை மூடணும். கேஸ் வாடை வந்தா லைட் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு ஜன்னலைத் திறந்துட்டு வெளியே வந்து 1906.

மின்னல். சித்திரை, வைகாசிக் கோடை மழையில் மாடு மேய்க்கப் போனவங்க புளியமரத்தடியில் ஒதுங்கித்தான் உயிரை விடுறாங்க. கணக்கு ரொம்பச் சுலபம். மின்னல் அடிச்சதில் இருந்து இடி கேட்கிற வரைக்கும் எண்ணுங்க. முப்பது எண்ணுறதுக்குள்ளே இடி கேட்டா மின்னல் பத்து கிலோமீட்டருக்குள்ளே இருக்கு. உடனே கான்கிரீட் வீட்டுக்குள்ளே போங்க. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சு வெளியே வாங்க. தனி மரம் வேண்டவே வேண்டாம்.

பாம்பு. வெள்ளம் வடியும்போது பாம்பு மேடான இடம் தேடி வீட்டுக்குள்ளே வரும். கடிச்சா இறுக்கிக் கட்டுறது, கீறி விடுறது, வாய் வச்சு உறியறது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாம, கடிபட்ட கை காலை அசைக்காம, கடிச்ச நேரத்தைக் குறிச்சுக்கிட்டு நேரா அரசு ஆஸ்பத்திரி. அரூர், பாலக்கோடு, பென்னாகரம் அரசு ஆஸ்பத்திரி இல்லைன்னா தருமபுரி மெடிக்கல் காலேஜ், எது பக்கமோ அங்கே. மந்திரிக்கக் கூட்டிட்டுப் போற ஒவ்வொரு நிமிஷமும் விஷத்துக்குத்தான் லாபம்.

📌 6. மாடு, ஆடு, பயிர்

நம்ம ஊரில் பலர் வீட்டை விட்டுக் கிளம்பாம இருக்கிறதே மாட்டுக்காகத்தான். அதை விட்டுட்டு வாங்கன்னு சும்மா சொன்னா அந்தப் பாட்டி வர மாட்டாங்க. வரவும் கூடாது, அது அவங்க பொழைப்பு. அதனால மாட்டுக்கும் சேர்த்துத்தான் இடம் பார்த்து வைக்கணும். ஊரில் மேடான இடம் எது, எந்தச் சொந்தக்காரர் களம் காலியா இருக்கும், முன்னாடியே பேசி வைங்க. நேரமே இல்லைன்னா கயித்தை அவுத்து விட்டுருங்க. கட்டிப் போட்ட மாடுதான் முதலில் சாகும்.

ஃபெஞ்சலுக்கு அப்புறம் தமிழக அரசு அறிவிச்ச நிவாரணத்தில் பசு, எருமை செத்தா 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய், குடிசை சேதத்துக்கு 10,000 ரூபாய், 33 சதவீதத்துக்கு மேல பாதிச்ச நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். பணம் அறிவிச்சிருவாங்க. ஆனா "உங்ககிட்ட மாடு இருந்ததுக்கு என்ன ஆதாரம்?"னு கேட்டா? அதனால மாட்டோட காது வில்லை தெரியுற மாதிரி போட்டோ, வீட்டோட நாலு பக்கப் போட்டோ, நின்ன பயிரோட போட்டோ. இது மழைக்கு முன்னாடியே வெளியூர் மகன் போனில் இருக்கணும். சேதம் ஆனதும் அதே இடத்தில் நின்னு மறுபடி போட்டோ எடுங்க. செத்த மாட்டைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று குடுக்கிறதுக்கு முன்னாடி புதைச்சிராதீங்க. பயிர்க் காப்பீடு கட்டியிருந்தா, வயலில் தண்ணி நின்னு சேதமானா 72 மணி நேரத்துக்குள்ளே தகவல் சொல்லணும். 14447-க்கு அடிக்கலாம். நாலாவது நாள் போய் அழுதா அந்த விதி இரக்கம் காட்டாது.

📌 7. நம்ம கட்சி வேலை

இப்போ கிளை நிர்வாகிகளுக்கும் நம்ம அணி நண்பர்களுக்கும்.

1999-ல் ஒடிசாவில் பெரும் புயல் வந்தப்போ செத்தவங்க சுமார் பத்தாயிரம் பேர். 2013-ல் அதே ஒடிசாவுக்கு ஃபைலின் புயல் வந்தது. இந்த முறை பலி சில பத்துகளில் நின்னது. நடுவில் என்ன மாறிச்சு? புயல் பாதுகாப்புக் கட்டடம் கட்டினாங்க, வானிலைக் கணிப்பு முன்னேறிச்சு. அதோட, எந்த வீட்டில் யாரைத் தூக்கிட்டு வரணும்னு தெரிஞ்ச ஊர்த் தொண்டர்களைத் தயார் பண்ணினாங்க. லட்சக்கணக்கான பேரைப் புயலுக்கு முன்னாடியே வெளியே கொண்டு வந்தது அந்த ஏற்பாடுதான்.

அந்தப் பட்டியல் நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு. தேர்தல் அன்னைக்கு எந்த வீட்டில் நடக்க முடியாத தாத்தா இருக்கார், யாருக்கு ஆட்டோ அனுப்பணும்னு நம்ம பூத் கமிட்டிக்கு மனப்பாடமாத் தெரியும். ஓட்டுக்கு ஆட்டோ அனுப்பத் தெரிஞ்ச நமக்கு, மழைக்கு ஆட்டோ அனுப்பத் தெரியாதா? ஒவ்வொரு கிளையும் ஒரே ஒரு பக்கம் எழுதட்டும். தனியா இருக்கிற முதியவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் போறவங்க, மாற்றுத்திறனாளிகள், ஓடையோர வீடுகள். ஒவ்வொரு பேருக்கு நேரா ஒரு தொண்டர் பேரு. அதில் எந்த வீடு எந்தக் கட்சின்னு ஒரு கட்டம் இருக்கக் கூடாது. தண்ணி கொடியைப் பார்த்து வீட்டுக்குள்ளே வராது. அந்தப் பேப்பரை வாட்ஸ்ஆப் குரூப்பில் போடாதீங்க. தனியா இருக்கிற முதியவங்க விவரம் திருடன் கையில் போகக் கூடாது. கிளைச் செயலாளர் வீட்டில் பேப்பராவே இருக்கட்டும்.

நம்ம ஐ.டி. விங் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழை நாளில் "அணை உடைஞ்சிருச்சு"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் எங்கிருந்தாவது வரும். பழைய வீடியோவுக்குப் புதுத் தேதி போட்டு வரும். எந்த ஊரு, எந்தத் தேதி, யார் சொன்னது, இந்த மூணுக்கும் பதில் இல்லாத எதையும் நம்ம பக்கத்தில் போடாதீங்க. எதிர்க்கட்சிக்கு அடிக்க வசதியா இருந்தாலும் போடாதீங்க. ஒரு பொய்ச் செய்தியில் ஊரே இருட்டில் ஓடினா, விழுந்து கை கால் உடையிறது நம்ம பாட்டிக்குத்தான். கலெக்டர் அலுவலக அறிவிப்பு, வானிலை மைய அறிவிப்பு, டி.என். அலர்ட் ஆப், தேசியப் பேரிடர் ஆணையத்தோட சச்சேத் ஆப், இதில் வந்ததைத் தமிழில் நாலு வரியில் எழுதி, ஊர்ப்பேர் தெளிவாப் போட்டு அனுப்புங்க. அதோட நிறுத்தாதீங்க. போன் பார்க்காத தெருவுக்கு ஒருத்தர் நடந்து போய் வாயால் சொல்லணும்.

அரசுகிட்ட கேட்க வேண்டியதையும் கேட்போம். ஏரிக்கரையைப் பலப்படுத்தணும், ஓடை ஆக்கிரமிப்பை எடுக்கணும், தரைப்பாலத்துக்குப் பதிலா மேம்பாலம் வேணும், அணை திறக்கும்போது ஆத்தோர ஊருக்கு ஒலிபெருக்கியில் எச்சரிக்கை வேணும், மலை கிராமத்துக்கு நல்ல ரோடு வேணும். கிராம சபையில் தீர்மானமா எழுதிக் குடுங்க. அது கிடைக்கிற வரைக்கும் விடாதீங்க. ஆனா மழை அதுவரைக்கும் காத்திருக்காது.

கடைசியா, இந்த ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு வேலை. ஊரில் இருக்கிறவங்க, ஒரு சார்ட், ஒரு மார்க்கர் வாங்கி எழுதி ஒட்டுங்க. பக்கத்து வீட்டில் தனியா இருக்கிற அம்மாவுக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க. வெளியூரில் இருக்கிறவங்க வீட்டுக்கு போன் போட்டு, "சாப்பிட்டியா?"ன்னு கேட்ட கையோட மூணு கேள்வி கேளுங்க. "பாட்டி, ராத்திரி தண்ணி வந்தா எங்கே போவ? முதலில் யாரைக் கூப்பிடுவ? மாத்திரை எங்கே இருக்கு?"

மூணுக்கும் யோசிக்காம பதில் வந்தா உங்க வீடு தயார். ஒண்ணுக்குத் தடுமாறினாலும், அடுத்த லீவுக்கு ஊருக்கு வர்றப்போ முதல் வேலை அதுதான்.



(சார்ட் ஒட்டிய போட்டோவை, வீட்டு முகவரியும் போன் நம்பரும் தெரியாத மாதிரி மறைச்சுக் கமெண்டில் போடுங்க. எந்த ஊர், எந்தக் கிளைன்னு மட்டும் எழுதுங்க. அதிக வீடுகளில் எழுதி ஒட்டிய கிளையை அடுத்த கூட்டத்தில் மேடையேற்றுவோம்.)

#தயார்வீடு #தருமபுரி #பருவமழை